தொடைக்கறியில் ஈயம்

வெர்லீன் சட்டியைத் திறக்கிறாள். மிளகும் வெண்ணெயும் மணக்கும் அணில் குழம்பின் ஆவியில் அவளுடைய மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போகிறது. காலையில் அவளே ஹிக்கரி மரத்தடியில் உட்கார்ந்து சுட்ட இரண்டு அணில்கள். நாற்பது வருடமாகத் தலையில்தான் சுடுகிறாள். கறியில் ஒருநாளும் ஈயக்குண்டு பட்டதில்லை. அந்த ஒரு விஷயத்தில் இந்தக் கென்டக்கி மலையில் யாருக்கும் அவள் விட்டுக்கொடுப்பதில்லை. ஜன்னல் வழியாக அக்டோபர் வெயில் மேசைவரை வந்து கிடக்கிறது. கணவன் ஆர்பி ஒரு தொடையைக் கடிக்கிறான். பல்லில் நறுக்கென்று ஏதோ தட்டுகிறது. அதை நாக்கால் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்கிறான். “என்ன, மெல்லுறத நிறுத்திட்ட?” “சூடா இருக்கு.” “ஈயமா?” “நீ சுட்டதுலயா? உன் தம்பி சுட்டதுன்னாத்தான் பல்ல எண்ணிக்கிட்டே திங்கணும்.” காபியை எடுத்து ஒரே மடக்கில் வாயில் இருந்த எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, இன்னொரு தொடை போடச் சொல்லித் தட்டை நீட்டுகிறான். வெர்லீன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிறாள். அடுத்த தொடையை எடுத்து, எலும்புவரை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, அவன் தட்டில் வைக்கிறாள்.