மூன்றாவது பூட்டு

"எவண்டா அவன்? மறுபடியும் என் பூட்டை உடைச்சுட்டான்!"

அப்புசாமி போட்ட சத்தத்தில், எதிரே எலப்புள்ளி பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பத்து நாளில் இது மூன்றாவது பூட்டு.

அகல ரயில் பாதை வந்தபோது ஸ்டேஷன் அரை மைல் தள்ளிப் போய்விட்டது. சும்மா கிடந்த பழைய கட்டடத்தை ஆறு மாசம் விடாமல் பேரம் பேசிக் குத்தகைக்குப் பிடித்திருந்தார் அப்புசாமி. டிக்கெட் கொடுத்த இடத்தில் டீக்கடை. பிளாட்பாரத்தில் மேசை நாற்காலி. லேடீஸ் வெயிட்டிங் ரூம் அரிசி மூட்டைக்கு; பூட்டு அந்தக் கதவில்தான்.

"அரிசி களவு போச்சுங்களா?" என்றான் டீ மாஸ்டர் ஏசுரத்தினம்.

"ஒரு மணி குறையலை. அதுதாண்டா எரிச்சல்! திருடியிருந்தாலாச்சும் ஒரு நியாயம் இருக்கு!"

பிளாட்பாரத் தூணில் சாய்ந்ததும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ராமேஸ்வரம் வண்டி வந்து நிக்கும் பாரு, எஞ்சின் கரி கண்ணுல விழும். தொடைச்சுட்டே மூட்டை தூக்குவேன். எனக்குச் சோறு போட்ட எடம்டா இது. அன்னிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் போட்ட பூட்டை ஒருத்தன் தொட்டிருப்பானா?"

"தொட்டாருங்க."

சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றாள் அவர் மனைவி மயிலாத்தாள்.

"இந்த மூணு பூட்டையும் உடைச்சது நாந்தானுங்க. கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்குப் போற புள்ளைக ஒதுங்க எடமில்லாம நிக்குதுக. நேத்து ஒருத்தி, கொழந்தைக்குப் பால் குடுக்க ரோட்டோரம் சொவுத்தைப் பாத்துத் திரும்பி நின்னா."

"ஏம்புள்ள, எங்கிட்டச் சாவி கேக்கறதுக்கென்ன?"

"கேட்டேன். வாடகை யாரு தருவான்னீங்க."

"உன்னைப் போலீசுல புடிச்சுக் குடுக்கட்டுமா?"

"குடுங்க. கூடவே இன்னொருத்தர் பேரையும் எழுதிக் குடுங்க. நம்ம ஆனந்தி பொறந்த அன்னிக்கு, கொட்டற மழையில நான் வலியில துடிக்கறேன்னு, தண்டவாளத்துக் கல்லை எடுத்து இதே கதவுப் பூட்டை உடைச்சாரு ஒரு மூட்டைக்காரரு."

ஏசுரத்தினம் துடைத்த பாய்லரையே மறுபடி துடைத்தான்.

"ஸ்டேஷன் மாஸ்டர் வந்து பாத்தாரு. ஒரு வார்த்தை வையலை. மறுநாளே வெளிப்பூட்டை எடுத்துட்டு, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டாரு. அதைத்தான் நீங்க போன மாசம் கழட்டி வீசுனீங்க. அந்த மூட்டைக்காரரைப் பாத்தாச் சொல்லுங்க... அரிசியை வேற எடத்துக்குத் தூக்கிட்டு, இன்னிக்கே அந்தத் தாழ்ப்பாளைத் திருப்பி மாட்டச் சொல்லி!"