ஜோடி சேராத படங்கள்

அபயாம்பாளுக்குக் கோபம் மூக்கின் மேல் வந்தது. சாப்பாட்டு மேஜை முழுக்கப் படங்களைப் பரப்பிவைத்துக் காலையிலிருந்து பார்க்கிறாள். ஒரு பொருத்தம்கூட அமையவில்லை.

"இது ரொம்ப உயரம். இது குட்டை. வேண்டாம்" என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினாள்.

"மயிலாப்பூர்ல பாதிக் கல்யாணம் நீ பொருத்தம் பார்த்து முடிச்சது. உன்னாலயே முடியலையா?" என்று சீண்டினார் கணவர் சுப்பராமன்.

அடையாறு ஆய்வகத்திலிருந்து மகன் நிரஞ்சன் வந்து சேர்ந்தான்.

"என்னடா படம் குடுத்திருக்கே? போன வாரம் குடுத்த தேனீ குரோமோசோம் அத்தனையையும் வெட்டி, நீளம் பார்த்து ஜோடி சேர்த்தேனோல்லியோ? இதுல ஒண்ணுக்கும் ஜோடி இல்லையே!"

நிரஞ்சன் சிரித்துவிட்டான். "அது பெண் தேனீம்மா. இது ஆண். ஆண் தேனீக்கு அப்பாவே கிடையாது. அம்மா குடுத்த குரோமோசோம் மட்டும்தான். அதான் ஜோடி இல்லை."

"தெரிஞ்சுண்டேவா குடுத்தே?"

"இதுல மும்முரமா இருந்தா என் கல்யாணப் பேச்சை விட்டுடுவியேன்னுதான்..."

அபயாம்பாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"தேனீக்குத்தாண்டா அப்பா இல்லை. உனக்குக் குத்துக்கல்லாட்டம் இதோ உக்காந்திருக்கார். ஞாயித்துக்கிழமை கே.கே. நகர்ல பொண்ணு பார்க்கப் போறோம்!"