நாலு சட்டி பிரியாணி

முகமது பாரூக் துண்டுச்சீட்டுகளை மறுபடியும் குலுக்கினான்.

அடுப்படியில் நாலு சட்டி பிரியாணி. சீரகச் சம்பாவில் இரண்டு, நாட்டரிசியில் இரண்டு. ஒவ்வோர் அரிசியிலும் ஒரு சட்டிக்கு அம்மா அரைத்த மசாலா, மற்றதற்கு மதினி அஜீஸுன்னிசா அரைத்தது.

எந்தச் சட்டி எதுவென்று தெரியாமல் தெருவே வந்து தின்று துண்டுச்சீட்டில் மார்க் போட்டது. அம்மா ரம்ஜான் பீவி மட்டும் ஒரு வாய்கூடத் தொடவில்லை.

அத்தா நூர் முகமதுவுக்கு ஒரே பேச்சு. மகன் படித்த புள்ளியியல் பிரியாணிக் கடைக்கு உருப்படியாக ஒன்று சொன்னால், மேல்படிப்புக்குக் கல்கத்தா. இல்லையென்றால் கல்லாப்பெட்டி.

கூட்டிப் பார்த்ததில் அம்மாவின் மசாலா கொஞ்சம் முந்தியிருந்தது. அத்தாவுக்கு வாயெல்லாம் பல். பாரூக் அத்தோடு எழுந்திருந்தால் அன்றைக்கே ரயில் ஏறியிருக்கலாம். விதி யாரை விட்டது!

இந்த முந்தல் கைப்பக்குவமா, குருட்டாம்போக்கா என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். சம்பாச் சீட்டுகளைத் தனியாக, நாட்டரிசிச் சீட்டுகளைத் தனியாகக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு இரு பங்காகப் பிரித்தான். குருட்டுப் பங்கிலும் அதே வித்தியாசம் வந்தது. எத்தனை முறை குலுக்கினாலும் பாதித் தடவை அந்த அளவு வித்தியாசம் வந்தது, சமயத்தில் அதைவிடப் பெரிதாகவே.

அரிசிக்கும் இதே வைத்தியம் பார்த்தான். பொழுது சாயும்வரை குலுக்கியும், நிஜத்தில் சம்பா முந்திய அளவுக்கு வித்தியாசம் ஒரு தடவைகூட வரவில்லை.

ருசியை மாற்றுவது அரிசிதான், மசாலா யார் அரைத்தாலும் ஒன்றுதான் என்று போட்டு உடைத்தான்.

“ஏலே, ஒங்கம்மா கைமணத்துல ஓடுற கடைடா இது! நேத்து வந்த புள்ள அரைச்சதும் இவ அரைச்சதும் ஒண்ணாமுல்ல? நாளைக்கே கல்லாவுல வந்து குந்து!”

பாரூக்குக்குக் கண் கலங்கிவிட்டது. பாழாய்ப்போன வாய்! சீட்டுகளை அள்ளி அடுப்பில் போடப் போனான்.

அம்மா அவன் கையைப் பிடித்தாள். அம்மியில் உட்கார்ந்தால் யாரையும் கிட்டே அண்டவிடாதவள் அவள்.

“ஏங்க, அவன் கணக்கு சரிதான். எனக்கு மணிக்கட்டு வீங்கிக் கெடந்துச்சு. ரெண்டு மசாலாவையும் மருமகதான் அரைச்சா.”

மதினி தலையைக் குனிந்துகொண்டாள். அத்தா நாலு சட்டியையும் செத்த நேரம் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கல்கத்தாவுக்கு எந்த ரயில் என்று கேட்டார்.

பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு கேட்டது. அம்மா ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் வைத்தாள்.

மகன் கல்கத்தா போய்விடக் கூடாது என்று துஆ கேட்டு அவள் பிடித்த நோன்பு அது.