பெட்டிக்குத் திரும்பிய பல்பு

கல்லூரிப் பயிற்சி வகுப்பின் பெட்டி ஒன்றில் சிவப்பு எல்.இ.டி. பல்பும் மஞ்சள் வயரும் சிநேகிதர்களாக இருந்தன. முந்தின வகுப்பில் ஒரு மாணவன் பல்பை நேராக பேட்டரியில் மாட்டி ஃபியூஸாக்கிவிட்டான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் பெட்டியிலேயே போட்டுவிட்டான். பார்வைக்கு அது புதுசு மாதிரிதான் இருந்தது.

இன்றைக்கு இரண்டும் ரோஸ்லின் கையில் வந்து சேர்ந்தன. கம்ப்யூட்டரில் எழுதும் புரோகிராமின்படி பல்பு மினுங்க வேண்டும், அதுதான் பயிற்சி. மினுங்கவில்லை. ரோஸ்லின் புரோகிராமைத் திருத்தினாள், மறுபடி திருத்தினாள், கடைசியில் முழுசாக அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள்.

"பாவம், அந்தப் பொண்ணு. நீ செத்துட்டதைச் சொல்லிடேன்டா," என்றது வயர்.

"சொன்னா நேரா குப்பைத்தொட்டிதான். அவ புரோகிராமைத்தானே திட்டுறா, உனக்கென்ன நோகுது? பேசாம இரு மாப்ளே," என்றது பல்பு.

சிநேகிதன் கேட்கிறானே என்று வயர் வாயைத் திறக்கவில்லை.

வகுப்பு முடியும் நேரம் பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "புரோகிராம் சரியாத்தான்டி இருக்கு. வயர் போயிருக்கும்."

ரோஸ்லின் வயரைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் எறிந்தாள். பல்பைக் கம்பிக்கால் வளையாமல் கழற்றி, பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள்.

"வாங்கண்ணே, இப்படி உக்காருங்க," என்று நகர்ந்து இடம் கொடுத்தது ஒரு பச்சை வயர்.