எண்ணெய் வண்டி குறுக்கே நிற்கிறது

ஓடுபாதையின் கிழக்கு முனையில், மகளின் சின்ன விமானம் பாதைக்குள் ஏற முடியாதபடி கிழவர் எண்ணெய் வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத திடல் இது. யார் எந்தப் பக்கமாக இறங்குகிறார் என்று விமானிகளே ரேடியோவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் வழி. "மேற்கேயிருந்து இறங்கறேன்" என்கிறது தேனொழுகும் ஒரு குரல். மகள் மேற்கே பார்க்கிறாள். கண் கூசும் வெற்று வானம். "அவர் இன்னும் தூரத்துல இருக்கார்ப்பா. அதுக்குள்ள நான் கிளம்பிடுவேன், வண்டியை எடுங்க!" என்று ஜன்னல் வழியே கத்துகிறாள். கம்பத்தில் கிழக்கே வாலை நீட்டி உப்பியிருக்கும் காற்றுப்பையைக் கிழவர் காட்டுகிறார். "காத்து மேற்கேயிருந்து அடிக்குது. அதை முதுகுல வாங்கிக்கிட்டு எவன் இறங்குவான்? ஒண்ணு உளறுறான், இல்ல புளுகுறான்." "எல்லாரையும் சந்தேகப்பட்டா எப்படிப்பா?" "குரலைத்தானே கேட்டே, ஆளைப் பாத்தியா?" மகளின் முதுகுக்குப் பின்னால், கிழக்கேயிருந்து, ஒரு வெள்ளை இறக்கை தலையை உரசுவதுபோல் தாழ்ந்து வந்து, அவள் நின்றிருக்கவேண்டிய இடத்தில் சக்கரத்தைத் தேய்க்கிறது. புல்லெல்லாம் ஒரு பக்கமாகப் படுத்து எழுகிறது. "மேற்கேயிருந்து இறங்கியாச்சு, நன்றி" என்கிறது அதே தேன்குரல். "இப்பவாவது வண்டியை எடுங்கப்பா" என்கிறாள், குரல் இறங்கி. கிழவர் அசைவதாயில்லை, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு இன்னும் கிழக்கேயே பார்க்கிறார். "இரு. அவன் பின்னாலே இன்னொருத்தன் வரலைன்னு யார் சொன்னது? அவனா?"