முப்பத்தொன்றும் முப்பத்தைந்தும்

ஓர் ஆழ்துளைக் குழிக்குள் ஒரே கயிற்றில் இரண்டு தெர்மாமீட்டர்கள் தொங்கின. பூமிக்குள்ளிருந்து எவ்வளவு சூடு மேலே ஏறி வருகிறது என்று கண்டுபிடிக்க, மங்கையர்க்கரசி அவற்றை இறக்கியிருந்தாள். குழிக்குள் நின்ற தண்ணீர் கலங்காமல், ஒரு வாரம் அசையாமல் தொங்க வேண்டும். அதுதான் வேலை.

மேலே இருந்தது முப்பத்தொரு டிகிரி காட்டியது. நூறு மீட்டர் கீழே இருந்தது முப்பத்தைந்து காட்டியது. மேலே இருந்ததற்கு வயிறு எரிந்தது.

"ஒரே பெட்டியிலதானே வந்தோம். உனக்கு மட்டும் என்ன முப்பத்தஞ்சு?" என்று கயிறு வழியாகக் கேட்டது.

"இங்க இருக்கிற சூடு அவ்வளவு. நீ உன் இடத்துல இருக்கிறதைக் காட்டு, போதும்" என்றது கீழே இருந்தது.

"சொல்லமாட்டே பின்னே? என்னை அங்க இறக்கியிருந்தா நாற்பது காட்டியிருப்பேன்."

ஐந்தாம் நாள் அதற்குப் பொறுக்கவில்லை. கயிற்றைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டித் தண்ணீரைக் கலக்கியது. கீழே இருந்த சூடான தண்ணீர் மேலே வந்தது. மேலே இருந்த தண்ணீர் கீழே போனது. இரண்டும் முப்பத்துமூன்றில் வந்து நின்றன.

வாரம் முடிந்ததும் மங்கையர்க்கரசி இரண்டு எண்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "வித்தியாசத்தை வெச்சுத்தான் கணக்கே. அதுவே இல்லைன்னா எதை அளக்கிறது? கயித்தைச் சுருட்டுங்க" என்று வேலையாட்களிடம் சொன்னாள். குழியை மூடிவிட்டார்கள்.

"ஒரு வாரம் தொங்கினது வீணாப் போச்சே" என்று பெட்டிக்குள் புலம்பியது, கீழே தொங்கியது.

மேலே தொங்கியது தன் எண்ணைப் பார்த்தது. இருபத்தெட்டு. பக்கத்தில் எட்டிப் பார்த்தது. அங்கேயும் இருபத்தெட்டுதான்.

அன்றைக்குத்தான் அதற்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.