மந்திரத்துக்கு விலை

"மாமா, இந்த ஒரு தடவை மட்டும் விதியைத் தளர்த்துங்க" என்றாள் மருமகள்.

சாப்பாட்டு மேசைமேல் அட்டையில் செய்த கோட்டை. கோட்டை வாசலில் விரல் உயரத்துக்கு ஒரு வீரன், அவன் நான். அவனைச் சுற்றிலும் அரக்கர்களாகச் சட்டைப் பொத்தான்கள். சற்றுப் பின்னால் கறுப்பு அங்கி போட்ட மந்திரக்காரி, அவள் மருமகள்.

கதையை நடத்துபவன் என் மகன். அரக்கர்களும் அவன்தான், மழையும் அவன்தான். யார் எதைச் செய்ய நினைத்தாலும் இருபது முகமுள்ள பகடையை உருட்ட வேண்டும். வேண்டிய எண் விழுந்தால் நடக்கும். விழாவிட்டால் அடி.

கல்யாணமான புதிதில் அவர்கள் இருவர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டு மேசையில் நான் இல்லாமல் ஓர் ஆட்டமா என்று நானும் போய் உட்கார்ந்தேன். வாளை எடுத்துக்கொண்டேன். எங்கள் வம்சத்தில் யாரும் மறைந்து நின்று அடித்ததில்லை.

ஆனால் அந்த ஆட்டத்தில் வாளுக்கு மரியாதை கிடையாது. நான் வெட்டுப்பட்டு, ரத்தம் சிந்தி, ஒரே ஓர் அரக்கனைச் சாய்ப்பதற்குள் அவள் பின்னாலிருந்து இரண்டு சொல் சொல்வாள். ஒரு படையே சாம்பலாகும். பூட்டிய கதவை நான் தோளால் இடித்துக்கொண்டிருப்பேன். அவள் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு கதவை வரவழைத்து, "வாங்க மாமா" என்பாள்.

"அடி வாங்குறது ஒருத்தன், ஜெயிக்கிறது இன்னொருத்தியா? ஒரு சமம் வேண்டாமாடா?" என்று மகனிடம் கேட்டேன்.

அவன் சொன்ன பேச்சு தட்டாத பிள்ளை. வாளுக்குக் கூட்டியிருக்கலாம். அது சிரமம் என்று மந்திரத்தில் குறைத்தான்.

முதலில், சண்டைக்கு ஒரு மந்திரம்தான் என்றான். அந்த ஒன்றிலேயே அவள் சண்டையை முடித்தாள். பிறகுதான் நான் இந்த விதியைச் சொன்னேன். மந்திரம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு உயிர் மந்திரக்காரியிடமிருந்து குறைய வேண்டும். உயிர் தீர்ந்தால் மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும்.

"கையைக் காலைக் கட்டிட்டு ஓடுங்கிறீங்க. ஓடிக் காட்டுறேன், பாருங்க" என்று சிரித்தாள்.

அவள் அப்படித்தான். பாலம் கட்டும் பொறியாளர். போன மாதம் வெளியூரில் ஓர் ஆற்றுப் பாலத்துக்குத் தலைமைப் பொறியாளராக அவளைக் கூப்பிட்டார்கள். புருஷன் இங்கே, பெண்டாட்டி அங்கே என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேச மாட்டார்களா? அந்த வழக்கம் இந்த வீட்டில் இல்லை என்றேன். மகன் என் முகத்தைப் பார்த்தான். ஆமாம் என்று தலையாட்டினான். அவள் அன்றும் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

இன்று மதியம் சம்பந்தி, அவளைப் பெற்றவர், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றபோது, மகளுக்குப் பரிந்து பேசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ பாலத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டதற்கு, பயணத்தில் வயிறு சரியில்லை என்று கை நனைக்காமல் சோபாவில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீரன் இன்னும் ஓர் அடி தாங்க மாட்டான். அடுத்தது அரக்கர்களின் முறை. மருமகள் நெருப்புச் சுவர் எழுப்பினால் அவன் பிழைப்பான். அதன் விலையோ, அவளிடம் மிஞ்சியிருக்கும் உயிரைவிட அதிகம்.

விதியைத் தளர்த்த, மேசையில் மூத்தவர் தலையசைத்தால் போதும். அந்த வழக்கத்தை வைத்ததும் நான்தான்.

மகன் என்னைப் பார்த்தான். மருமகள் என்னைப் பார்த்தாள். சம்பந்திகூட சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். ஒரு விளையாட்டில் மனிதருக்கு இத்தனை ஆர்வமா என்றிருந்தது.

சம்பந்தி முன்னால் நான் என் உயிருக்காக விதியை வளைப்பதா?

"விதின்னா எல்லாருக்கும் விதிதான்" என்றேன். "வேணும்னா நீ திரும்பி ஓடிப் பிழைச்சுக்கோ. என் ஆள் நின்னு சாவான்."

அவள் பகடையைக் கையில் எடுத்தாள்.

"சாக வேண்டாம் மாமா. எங்கப்பா பாத்துக்கிட்டிருக்காரு. உங்க ஆள் ஜெயிக்கட்டும்."

நெருப்புச் சுவருக்கு உருட்டினாள். எண் விழுந்தது.

மகன் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். கடைசியாகக் கறுப்பு அங்கிக்காரியைக் கோட்டைக்குள் படுக்கவைத்தான்.

மருமகள் எழுந்தாள். நாற்காலியை மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டாள்.

சம்பந்தி உள்ளறைக்குப் போய் இரண்டு பெட்டிகளோடு வந்தார். இரண்டும் ஏற்கெனவே பூட்டியிருந்தன.

"வந்த உடனே கிளம்பிடலாம்னுதான் சொன்னேன், சம்பந்தி" என்றார். "இவதான், 'இருங்கப்பா, கடைசியா ஒரு ஆட்டம், மாமா ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்தாலும் பெட்டியைப் பிரிச்சுடறேன்'னு சொன்னா."

நான் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். கோபித்துப் போகிறவர்களின் பின்னால் வாசல்வரை நடக்கும் வழக்கமும் இந்த வீட்டில் இல்லை.

வெளிக்கதவு சாத்தப்பட்டது. அட்டைக் கோட்டை லேசாக ஆடியது. வாசலில் என் வீரன் மட்டும் விழாமல் நின்றான்.

மகன் தலைநிமிராமல் பகடையை என் பக்கம் தள்ளினான்.

"உங்க முறை, அப்பா."